வெள்ளை அடிக்காத சுவர்

திண்டிவனம் ஸ்டேஷனில் கோதண்டபாணி வருவதை யாரும் தலை நிமிர்ந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. மண்ணெண்ணெய் வாசனை முன்னால் வரும்; ஆள் பின்னால் வருவார். சிக்னல் கம்பங்களில் விளக்கு வைப்பது அவர் வேலை. பகலெல்லாம் விளக்கறையில் உட்கார்ந்து கண்ணாடி துடைப்பார், திரி கத்தரிப்பார், எண்ணெய் ஊற்றுவார். வெயில் சாய்ந்ததும் விளக்குகளைத் தூக்கிக்கொண்டு தண்டவாளத்தின் ஓரமாக நடப்பார். ஒவ்வொரு கம்பத்திலும் ஏறி, கைகாட்டிக்குப் பின்னால் விளக்கை மாட்டிவிட்டு இறங்குவார்.

கடைசிக் கம்பம் ஊரைத் தாண்டி வேர்க்கடலைக் கொல்லைகளுக்கு நடுவில் நின்றது. அதன் உச்சியிலிருந்து பார்த்தால் ஸ்டேஷனுக்குத் தெற்கே இருக்கும் ஓட்டு வீடுகள் ஒரு கும்பலாகத் தெரியும். அதில் தன் வீட்டுப் புகை எது என்று தனக்குத் தெரியும் என்று அவர் நம்பினார். புகை எழுந்தால் மனைவி காந்திமதி உலை வைத்துவிட்டாள் என்று அர்த்தம். அவள் இறந்து மாதங்கள் ஆன பிறகும், விளக்கை மாட்டியதும் கழுத்து தானாக அந்தப் பக்கம் திரும்பியது.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஒரு நாய் இருந்தது. பார்சல் ஆபீஸ் கொட்டகையில் காலிக் கூடை ஒன்றுக்குள் கத்திக்கொண்டு கிடந்த குட்டியைக் கோதண்டபாணிதான் துண்டில் சுற்றி எடுத்து வந்தார். "யாருக்கு வந்த பார்சல்டி இது, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கோ" என்று அவள் மடியில் போட்டார். அவர் வாழ்க்கையில் சொன்ன வேடிக்கைப் பேச்சுகள் மிகவும் கொஞ்சம். அதில் இது ஒன்று. நாய்க்குப் பார்சல் என்றே பேர் நிலைத்தது.

காந்திமதிக்கு ஒரு பழக்கம். சாயங்கால வேலைகள் முடிந்ததும் கூடத்தில் வாசலைப் பார்த்த மாதிரி உட்கார்ந்து, காலை நீட்டி, தலையைச் சுவரில் சாய்த்துக்கொள்வாள். பார்சல் அவள் காலோடு ஒட்டிப் படுக்கும். அவர் திரும்பி வரும் வரை இரண்டு பேரும் அப்படியே இருப்பார்கள். நிறைய எண்ணெய் வைத்துத் தலை வாருகிறவள். அவள் சாய்ந்த இடத்தில் சுவரில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுத்த வட்டம் விழுந்திருந்தது.

"வெள்ளை அடிச்ச சுவத்த ஒரு மாசங்கூட உடமாட்டியா?" என்பார்.

"என் சுவரு, நான் சாஞ்சிக்கிறேன். உங்களுக்கு இன்னா பேஜாரு?" என்பாள்.

அதற்கு அவளுக்கு உரிமை இருந்தது. ஒவ்வொரு பொங்கலுக்கும் வெள்ளை அடிப்பவள் அவள்தான். மார்கழி கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பைப் பானையில் கொட்டித் தண்ணீர் ஊற்றுவாள். அது கொதித்து அடங்கியதும் நீலம் கலப்பாள். அதற்கும் முன்னால் சுவர் முழுவதையும் விரலால் தடவிப் பார்த்து, ஒரு வெடிப்பு விடாமல் களிமண்ணும் சுண்ணாம்பும் வேப்பெண்ணெயும் குழைத்து அடைப்பாள். வேப்பெண்ணெய் நாற்றம் போகி முடிகிற வரை வீட்டில் நிற்கும். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டால், "உங்க கெரசினுக்கு இது தேவலாம்" என்பாள்.

ஆவணியில் ஒரு காய்ச்சல் வந்தது. மூச்சு வாங்கத் தொடங்கியது. பிறகு அவள் இல்லை.

சாவு விழுந்த வீட்டில் வருஷம் திரும்புகிற வரை நல்ல நாள் பெரிய நாள் கிடையாது. தை பிறந்தபோது தெருவெல்லாம் சுண்ணாம்பு வெளுப்பாக இருந்தது. கோதண்டபாணியின் வீடு மட்டும் பழுப்பாகக் கிடந்தது. அன்றைக்கு அவர் யாரிடமும் விடுப்பு கேட்கவில்லை. மற்றவர்கள் வேலையையும் சேர்த்துப் பார்த்துவிட்டு வந்து, கூடத்தில் எதிர்ச்சுவர் ஓரமாக உட்கார்ந்து அந்தக் கறுத்த வட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். பார்சல் அதன் கீழே, அவள் கால் இருந்த இடத்தில் படுத்திருந்தது. அவள் போனதிலிருந்து அது இரவும் பகலும் அங்கேதான். அவர் சோறு வைத்தால் எழுந்து தின்றுவிட்டு, மறுபடி அங்கே போய்ச் சுருண்டுகொள்ளும்.

வெயில் ஏறத் தொடங்கிய மாசி மாதத்தில் அதன் காதைத் தடவியபோது கையில் ஏதோ உருண்டது. விரித்துப் பார்த்தார். காது மடிப்புக்குள் ஆமணக்கு விதை போல், சாம்பல் நிறத்தில், ரத்தம் குடித்து உப்பிய உண்ணிகள். கழுத்துப் பட்டைக்கு அடியிலும் விரல் இடுக்குகளிலும் கூட இருந்தன. இத்தனை வருஷத்தில் அந்த நாயின் மேல் ஓர் உண்ணியை அவர் கண்டதில்லை. கண்டிருந்தாலும் பார்த்துக்கொள்ள அவள் இருந்தாள்.

கையில் எது இருக்கிறதோ அதைத்தானே மனிதன் முதலில் எடுப்பான்? மறுநாள் விளக்கறையிலிருந்து கந்தைத் துணியை மண்ணெண்ணெயில் நனைத்து எடுத்துவந்து, நாயைத் தலை முதல் வால் வரை அழுத்தித் துடைத்துவிட்டார். விளக்கில் அப்பிய பூச்சியும் புகைக்கரியும் அதற்கு அடங்கும்; உண்ணியும் அடங்கும் என்று நினைத்தார். பார்சல் ஊளையிட்டது. தெருப்புழுதியில் புரண்டது. இரண்டு நாளில் வயிற்றிலும் தொடையிலும் தோல் சிவந்து கொப்பளித்து மயிர் உதிர்ந்தது. உண்ணிகள் கொஞ்சம் விழுந்தன. ஒரு வாரத்தில் புதிதாக ஏறிக்கொண்டன.

அதைவிட வேறு ஒன்றுதான் அவரை உலுக்கியது. அவர் வாசலில் கால் வைத்ததும் நாய் எழுந்து பின்கட்டுக்கு ஓடியது. முதலில் புரியவில்லை. பிறகு தன் கையை மோந்து பார்த்தார். அந்த வாசனை அவர் சட்டையில், நகத்தில், தலைமயிரில், எங்கும் இருந்தது. அன்று முதல் வீட்டுக்கு வருமுன் ஸ்டேஷன் குழாயடியில் சீயக்காய் போட்டு முழங்கை வரை தேய்த்தார். நாய் அப்போதும் தள்ளியே நின்றது.

தண்டவாளம் மாற்றிவிடும் பாயிண்ட்ஸ்மேன் சவுரிராயன் குழாயடியில் இதைப் பார்த்துவிட்டான். அவன் வயதில் இளையவன். கோதண்டபாணியிடம் விளையாட்டாகப் பேசக்கூடிய ஒரே ஆள்.

"இன்னா அண்ணே, மாப்ளை அழைப்புக்குப் போறியா? இந்தத் தேய் தேய்க்கிற!"

"நாய் கிட்ட வரமாட்டேங்குதுடா."

சவுரிராயன் சிரிப்பை நிறுத்தினான். விஷயத்தைக் கேட்டான். "போண்ணே நீ. நாயின்னா சிக்னல் கம்பம்னு நெனைச்சிக்கினியா? எண்ணெய் ஊத்தினா எரியறதுக்கு?"

பங்குனி பிறந்ததும் பார்சல் சோற்றைத் தொடுவதை நிறுத்தியது. ஈறு வெளுத்துத் துணி மாதிரி ஆயிற்று. மூத்திரம் டீத் தண்ணீர் நிறத்தில் போனது. காந்திமதியின் கடைசி நாட்களில் அவள் உதடு இப்படித்தான் வெளுத்திருந்தது. அவர் அன்றைக்கே ஸ்டேஷன் மாஸ்டரிடம் லீவு சொன்னார். நாய்களுக்கு நல்ல கைராசிக்காரர் விழுப்புரம் மாட்டாஸ்பத்திரி டாக்டர் என்று ரயில் கார்டு ஒருவர் சொல்லியிருந்தார். காலைப் பாசஞ்சரில் கார்டு வேனுக்குள் இருக்கும் நாய்ப் பெட்டியில் பார்சலை வைத்து, கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துகொண்டார். வழியெல்லாம் அது அவரைப் பார்க்காமல் மறுபக்கம் முகத்தை வைத்துப் படுத்திருந்தது.

விழுப்புரத்து டாக்டர் நாயின் ஈறை விரலால் அழுத்திப் பார்த்தார். வயிற்றுத் தோலைப் பார்த்தார்.

"என்னய்யா ஊத்தினே?"

"கெரசினுங்க."

"நல்ல காலம், கொளுத்தாம விட்டியே."

"நான் ரயில்வேல விளக்குக்காரனுங்க. கையில இருந்தது அதுதாங்க."

டாக்டர் அதற்கு மேல் திட்டவில்லை. ஊசி போட்டார். உண்ணிக் காய்ச்சல், ரத்தத்தை உடைத்துவிட்டது, பிழைத்தால் பிழைக்கும் என்றார். கல்லீரல் வேகவைத்துக் கொடுக்கச் சொன்னார். பிறகு ஓர் இடுக்கியை எடுத்து, நாயின் காதில் இருந்த உண்ணியைத் தோலோடு ஒட்டின இடத்தில் பிடித்து, முறுக்காமல் நேராக இழுத்துக் காட்டினார்.

"இப்படி எடுக்கணும். நசுக்காதே, கையால கிள்ளாதே. எடுத்ததை உன் கெரசின்ல போடு. அதுக்குத்தான் கெரசின், நாய்க்கில்லை. காதுக்குள்ள, விரல் சந்து, வாலுக்கடியில, தினம் பார்க்கணும். புண்ணு ஆறுற வரைக்கும் வேப்பிலைத் தண்ணியில மட்டும் குளிப்பாட்டு."

"சரிங்க."

"இதெல்லாம் பண்ணியும் மறுபடி வரும். ஏன் சொல்லு?"

கோதண்டபாணி நாயின் காதைப் பார்த்தார்.

"உண்ணி நாய் மேல குடியிருக்குதுன்னு நெனைச்சிக்கிட்டு இருக்கே. அது சாப்பிட மட்டும்தான் நாய்கிட்ட வரும். வயிறு ரொம்பினா கீழே விழுந்து, சுவரு மேல ஏறி, வெடிப்புக்குள்ள பூந்துக்கும். அங்கேதான் முட்டை வைக்கும். ஒண்ணு ஆயிரக்கணக்குல வைக்கும். உன் வீட்டுக்கு வெள்ளை அடிச்சி எவ்வளவு நாளாச்சு?"



"போன பொங்கலுக்கு முந்தின பொங்கலுங்க. வீட்டுல சாவுங்க. வருஷம் திரும்பலிங்க."

டாக்டர் இடுக்கியைத் துடைத்து வைத்தார். "நாய் எங்கே படுக்குதோ அந்தச் சுவரை முதல்ல பாரு. வெடிப்பை நோண்டி எடு, அடை, சுண்ணாம்பு அடி. இல்லேன்னா இந்த ஊசி வீண்."

நாய் எங்கே படுக்கிறது என்பது கோதண்டபாணிக்குத் தெரியும்.

திரும்பி வந்து எல்லாவற்றையும் செய்தார். இடுக்கியால் உண்ணி எடுத்தார். கண்ணாடிக் குப்பியில் மண்ணெண்ணெய் ஊற்றி அதில் போட்டார். வேப்பிலைத் தண்ணீர் வைத்தார். ஈரலை வேகவைத்துப் பிசைந்து ஊட்டினார். நாய் படுத்த சாக்கை எரித்தார். சுவர் பக்கம் மட்டும் போகவில்லை. சவுரிராயன் கேட்டபோது, "துக்க வூட்டுல சுண்ணாம்பு பொங்கக்கூடாதுடா. அக்கா கொன்னுடும்" என்றார்.

அக்கா ராஜாமணி கோலியனூரில் வாழ்க்கைப்பட்டவள். சாவு வீட்டு முறைகளில் ஓர் இம்மி பிசக விடமாட்டாள். பொங்கலன்று தம்பி தப்பித்தவறி அடுப்பில் புதுப்பானை ஏற்றிவிடப் போகிறானோ என்று ஆளனுப்பிக் கேட்டவள். அமாவாசைப் படையலுக்கு அவள் வந்தபோது பார்சல் சுவரடியில் கிடந்தது. தலையைத் தூக்கி அவளைப் பார்த்து, வாலைத் தரையில் ஒரு தரம் தட்டிவிட்டுப் படுத்துக்கொண்டது. முன்பெல்லாம் அவள் தெருமுனையில் வரும்போதே குரைத்து வீட்டைக் கிளப்பிவிடும்.

"இன்னாடா ஆச்சு இதுக்கு?"

அவர் சொன்னார். டாக்டர் சுவரைப் பற்றிச் சொன்னதையும் சொன்னார். சொல்லிவிட்டு, அவள் மறுக்கப்போகும் வார்த்தைக்காகக் காத்திருந்தார். அந்த மறுப்பு வந்துவிட்டால் அவருக்கு நிம்மதி.

ராஜாமணி நாயின் பக்கத்தில் குந்தி, அதன் நெற்றியைத் தடவினாள். "அவ பெத்த புள்ள மாதிரி வச்சிக்கினு இருந்தா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அடிச்சிடு."

"அக்கா, வருஷம்..."

"எனக்கே வருஷம் சொல்லித் தர்றியா? ஊர்ல எவளாவது கேட்டா என்கிட்ட அனுப்பு. நான் சொன்னேன்னு சொல்லு. ஒரு உசுரு போய்க்கினு இருக்குது, சாத்திரம் பாத்துக்கினு உக்காந்திருக்கியே. ஜல்தி ஆவட்டும்."

அவள் போன பிறகு அவர் வெகுநேரம் கூடத்தில் நின்றார். ஒளிந்துகொண்டிருந்த மறைப்பை யாரோ உருவிக்கொண்டு போன மாதிரி இருந்தது. அக்காவுக்குப் பயந்து அவர் சுவரைத் தொடாமல் இருக்கவில்லை. ஊருக்குப் பயந்தும் இல்லை. அந்த வட்டத்தின் மேல் சுண்ணாம்பு பட்டால் காந்திமதி சாய்ந்திருந்த இடம் இந்த வீட்டில் இல்லாமல் போகும். அவளுக்கு ஒரு போட்டோ கூட எடுத்ததில்லை.

மறுநாள் சுண்ணாம்பு வாங்கி வந்தார். அவள் செய்து பார்த்திருக்கிறாரே தவிர அவர் செய்ததில்லை. தண்ணீர் ஊற்றியதும் பானை கொதித்து முகத்தில் தெறித்தது. நீலம் அதிகமாகிவிட்டது. வெடிப்புகளை விளக்குத் திரி நோண்டும் கம்பியால் குடைந்தபோது, உள்ளே இருந்து சருகு மாதிரி உலர்ந்த உண்ணிகளும், கடுகு மாதிரி சின்னஞ்சிறு குஞ்சுகளும் உதிர்ந்தன. அவள் விரலால் தடவிய வெடிப்புகள் இவைதான். வேப்பெண்ணெயைக் குழைத்து அடைக்கும்போது அந்த நாற்றம் வீடெங்கும் எழுந்தது. ஒரு கணம், பின்கட்டில் யாரோ பானையை நகர்த்துகிற சத்தத்துக்காகக் காது கொடுத்தார்.

இப்படியாக அவர் வீட்டை நாலு பக்கமும் அடித்து முடித்தார். கூடத்துச் சுவரில், வாசலைப் பார்த்த இடத்தில், ஒரு முறம் அளவு மட்டும் விட்டார். சுற்றிலும் நீலம் பாய்ந்த வெளுப்பு, நடுவில் பழுப்பு, அதற்கு நடுவில் கறுத்த வட்டம்.

பார்சல் தேறியது. இரண்டு வாய் சோறு தின்றது. ஈறில் லேசாகச் சிவப்பு ஏறியது. சித்திரை முதல் வாரத்தில் வாசல் வரை நடந்துபோய்த் தெருவில் போன ஆட்டைப் பார்த்துக் குரைக்கக்கூடச் செய்தது. கோதண்டபாணி சவுரிராயனுக்கு டீ வாங்கிக் கொடுத்தார்.

பத்து நாள் போயிருக்காது. நாய் மறுபடி சோற்றை மோந்துவிட்டுத் திரும்பியது. கீழுதட்டைப் பிதுக்கிப் பார்த்தார், வெளுப்பு. காதுக்குள் கடுகு கடுகாகக் குஞ்சு உண்ணிகள் அப்பியிருந்தன. நேற்று இரண்டு காதையும் பார்த்திருந்தார். ஒன்றும் இல்லை.

அவர் விளக்கறையிலிருந்து கைவிளக்கை எடுத்து வந்தார். கூடத்து மூலை பகலிலும் இருட்டு. சுவரடியில் மண்டியிட்டு, வெளிச்சத்தை அந்தப் பழுப்புத் திட்டின் மேல் பிடித்தார். வட்டத்தின் ஓரத்திலிருந்து மயிரிழை போல் ஒரு வெடிப்பு கீழே இறங்கி, தரையோடு சேர்ந்தது. அதன் வழியாகக் குஞ்சு உண்ணிகள் வரிசையாக இறங்கிக்கொண்டிருந்தன. நாய் அதற்கு நேர் கீழே, கண்ணை மூடி, அவள் காலோடு ஒட்டிப் படுக்கிற அதே நிலையில் படுத்திருந்தது.

"எழுந்திரு" என்றார். அது எழவில்லை. இரண்டு கையாலும் தூக்கினார். இத்தனை நாளைக்குப் பிறகு முதல் தடவையாக அது அவர் கையில் திமிறவில்லை. திமிறத் தெம்பில்லை. அதைக் கயிற்றுக் கட்டிலில் கிடத்திவிட்டுக் கம்பியை எடுத்தார்.

வெடிப்பைக் குடைந்தார். அது வட்டத்துக்குள் போயிற்று, அவரும் போனார். எண்ணெய் ஊறிய சுண்ணாம்புப் பூச்சு காரை காரையாகப் பெயர்ந்தது. பெயர்ந்த துண்டு ஒன்றை மூக்கருகில் வைத்துப் பார்த்தார். தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை. எல்லாவற்றையும் மண்ணெண்ணெய்க் குப்பியில் போட வேண்டியிருந்தது, உள்ளே முட்டைகள் இருந்ததால். அதையும் போட்டார். களிமண் வைத்து அடைத்தார். பிறகு சுண்ணாம்பு. ஒரு தடவை, இரண்டு தடவை, மூன்றாவது தடவையும். கடைசியில் அந்த இடம் எது என்று அவருக்கே சந்தேகம் வந்தது.

அன்றே பாசஞ்சரில் விழுப்புரம் போய் இன்னோர் ஊசி. டாக்டர், "சுவரை அடிச்சியா?" என்றார். "அடிச்சிட்டேங்க." "முழுக்க?" கோதண்டபாணி தலையை மட்டும் ஆட்டினார்.

நாய் மெதுவாகத்தான் எழுந்தது. நடக்கத் தெம்பு வந்ததும் நேரே அந்தச் சுவருக்குப் போயிற்று. மோந்தது. சுண்ணாம்பு மூக்கில் ஏறித் தும்மியது. மறுபடி மோந்தது, கீழிருந்து மேலே, மேலிருந்து கீழே. கொஞ்ச நேரம் நின்றுவிட்டு வாசற்படிக்குப் போய்ப் படுத்துக்கொண்டது. அதற்குப் பிறகு அது அந்த இடத்துக்குத் திரும்பவே இல்லை. கோதண்டபாணி கட்டிலில் உட்கார்ந்து அதைப் பார்த்தார். அன்று இரண்டு பேரும் சாப்பிடவில்லை.

சாயங்காலங்களில் இப்போது அது அவரோடு வரத் தொடங்கியது. வீட்டில் அதற்கு இடம் இல்லை போலும். விளக்குகளைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் நடப்பார். மண்ணெண்ணெய் வாசனை காற்றில் பின்னால் வரும். நாய் அந்த வாசனைக்குப் பத்தடி தள்ளி வரும். அவர் கம்பத்தில் ஏறினால் கீழே உட்கார்ந்திருக்கும். மாதம் போகப்போகப் பத்தடி குறைந்தது.

ஆவணியில் வருஷ திதிக்கு ராஜாமணி வந்தாள். வெளுத்த வீட்டைப் பார்த்து, "நீலம் இவ்ளோவா கொட்டுவாங்க, வானம் மாதிரி" என்றாள். படையலுக்கு இடம் கூட்டிக்கொண்டே வந்தவள் கூடத்துச் சுவர் முன்னால் துடைப்பத்தோடு நின்றாள்.

"இங்க இன்னாடா கறை?"

வாசலைப் பார்த்த அந்த இடத்தில், வெளுப்பின் மேல் மங்கலாக ஒரு வட்டம் விழத் தொடங்கியிருந்தது. "எண்ணெய்க் கறை மேல சுண்ணாம்பு நிக்காது. பழசு கசிஞ்சி வந்துடுச்சி போல..." என்று குனிந்து பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "இல்லியே. அவ குள்ளம். அவ தலை இவ்ளோ ஒசரம் வராதே."

கோதண்டபாணி வாழையிலையைக் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பவில்லை. அவள் சுவரை மோந்து பார்த்தாள். தேங்காய் எண்ணெய் இல்லை, மண்ணெண்ணெய். துடைப்பத்தை மூலையில் சாத்திவிட்டு அடுப்பு மூட்டப் போனாள்.

"பொங்கலுக்கு அடிச்சிடலாங்கா" என்றார் அவர், அவள் முதுகைப் பார்த்து.

"அடி, அடி" என்றாள் ராஜாமணி. "அவசரம் இல்ல."

அன்றைக்கும் விளக்கு வைக்க வேண்டும். கடைசிக் கம்பத்தில் ஏறி விளக்கை மாட்டியதும் கழுத்து தெற்கே திரும்பியது. ஓடுகளின் கும்பலிலிருந்து புகை எழுந்துகொண்டிருந்தது. தன் வீட்டுப் புகைதான். அக்கா உலை வைத்திருக்கிறாள். அது கலையும் வரை ஏணியிலேயே நின்றார்.

இறங்கியதும் தண்டவாளத்தின் ஓரத்துக் கல்லில் உட்கார்ந்து கைவிளக்கைத் தரையில் வைத்தார். "வா" என்றார். பார்சல் வந்தது. இரண்டு காதையும் மடித்துப் பார்த்தார். பட்டைக்கு அடியில் விரலை விட்டார். ஒவ்வொரு பாதமாக எடுத்து விரல் சந்துகளை விரித்து வெளிச்சத்தில் காட்டினார். ஒன்றும் இல்லை. கடைசிப் பாதத்தைப் பார்த்து முடித்த பிறகும் அதை விடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். நாயும் இழுத்துக்கொள்ளவில்லை.